கடைசித் தேதி அக்கா

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இரண்டே மேசைகள். ஒன்று என்னுடையது. கருத்தரங்கு, பயிலரங்கு, சிறப்புரை, பரிசளிப்பு என்று எது நடந்தாலும் மண்டபத்தைத் திறப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, உரை முடியும்வரை தேநீரைக் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைப்பது எல்லாம் என் வேலை. தேநீரை முதலிலேயே கொடுத்துவிட்டால் குடித்த கையோடு பாதிப் பேர் கம்பி நீட்டிவிடுவார்கள். பிறகு பேச்சாளர் நாற்காலிகளுக்குத்தான் உரையாற்ற வேண்டும். இந்த ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்.

இன்னொரு மேசை அக்காவுடையது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்கிறேன். பேராசிரியர்கள் நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘கடைசித் தேதி’ என்பார்கள். ஆராய்ச்சிக்கு யார் யார் நிதி தருகிறார்கள் என்று தேடிப்பிடித்து எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புவது, பேராசிரியர்கள் எழுதித் தரும் திட்ட வரைவுகளை வாங்கிச் சரிபார்ப்பது, பல்கலைக்கழகத்தின் சார்பில் அவற்றை நிதி அமைப்பின் இணையதளத்தில் ஏற்றுவது, இவ்வளவும் அவர் பொறுப்பு. இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தால் அதனோடு பேசுவார். "சுத்தினது போதும், ஏறு" என்பார். பல நேரம் அது ஏறியும்விடும்.

கேட்பதற்குச் சாதுவான வேலைதான். ஆனால் பேராசிரியர்களோடு பழகியவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். மாணவன் ஒரு நாள் தாமதமாக வந்தால் மதிப்பெண்ணில் கைவைக்கிற அதே மனிதர்கள், தங்கள் முறை வரும்போது கடைசித் தேதி என்றால் எழுதத் தொடங்க வேண்டிய தேதி என்று எடுத்துக்கொள்வார்கள். அக்கா சேர்ந்த புதிதில் எங்களிடமிருந்து ஒரு வரைவுகூட நேரத்தோடு போனதில்லை. துணைவேந்தர் கூட்டத்தில் எல்லாரும் ஒற்றுமையாகப் பழியை அக்கா தலையில் கட்டினார்கள். எங்கள் பேராசிரியர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அக்காவின் அப்பா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். வண்டி கிளம்பும் நேரத்தைப் பலகையில் எப்போதும் கொஞ்சம் முன்னதாகவே எழுதிவைப்பாராம். பயணிகள் ஓடிவந்து ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும்போது வண்டி நிதானமாகக் கிளம்பும். அவர் மகளுக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சுற்றறிக்கையிலிருந்து அக்கா, நிதி அமைப்பு சொன்ன தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாக ஒரு தேதியைப் போட்டு, அடியில் கோடும் இழுத்தார்.

அது பிரமாதமாக வேலை செய்தது. அந்தத் தேதி போன பிறகு பேராசிரியர்கள் அசடு வழிந்துகொண்டு வந்து நிற்பார்கள். அக்கா கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "மேல பேசிப் பாக்கறேன் சார்" என்பார். மறுநாள், "உங்களுக்காகக் கொஞ்சம் நீட்டிச்சிருக்காங்க" என்பார். வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இயற்பியல் துறைத்தலைவர் ஒருநாள் என் காதோடு காதாக, "என் பேரைச் சொன்னதும் நீட்டிச்சுட்டாங்களாம்பா" என்றார். அதே வாரத்தில் வேதியியல்காரரும் பொருளாதாரக்காரரும் அதையே சொன்னார்கள். நான் மூன்று பேரிடமும் ஒரே மாதிரி ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் நாளாக ஆக விஷயம் கசிந்துவிட்டது. அக்காவின் தேதி போலி, அதற்குப் பின்னால் ஓர் அசல் தேதி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அக்கா விடுவாரா? ஒரு தடவை பத்து நாள் இடைவெளி வைத்தால் அடுத்த தடவை நான்கு நாள் வைப்பார், அதற்கடுத்த தடவை மூன்று வாரம். ஆசிரியர் ஓய்வறையில் இதைக் கணித்துச் சொல்வதற்கென்றே புள்ளியியல் துறையில் ஒருவர் கிளம்பினார். அவர் சொன்ன நாளில் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பேருக்கு வாய்ப்பு போனது. அதோடு அவர் தொழிலை விட்டுவிட்டார்.

அசல் தேதியை அக்கா யாரிடமும் மூச்சுவிட மாட்டார். சொந்தப் புருஷனிடம்கூட.

புருஷன் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் பேராசிரியர். ஈரச் சுவர்களில் படரும் பாசியைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி. எந்தச் சுவரில் எந்தப் பாசி, எந்தத் திசையில் படர்கிறது, சுண்ணாம்பை என்ன செய்கிறது, சிமெண்டை என்ன செய்கிறது என்று ஒரு பூதக்கண்ணாடியோடு கட்டடம் கட்டடமாகச் சுற்றுவார். அதனால் அவர் பெயர் பாசி சார். பாவம், அவருடைய ஆராய்ச்சிக் களமும் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் களமும் ஒன்றாகப் போய்விட்டன. வெளியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது என்றால் பராமரிப்புக்காரர்கள் அவருடைய இரண்டு வருட உழைப்பைச் சுரண்டி எடுத்து வெள்ளையடித்துவிடுவார்கள். அந்தக் குழு வருவதோ இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று பார்ப்பதற்கு. பாசி சார் கோபித்துக்கொள்ள மாட்டார். "சரி, புதுச் சுண்ணாம்புல எப்ப முளைக்குதுன்னு பாக்கலாம்" என்று பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அவரைப் பார்த்தால் எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவருக்கு இதுவரை ஒரு திட்டத்துக்கும் நிதி கிடைத்ததில்லை. கேட்டுக் கிடைக்காமல் போகவில்லை, அவர் விண்ணப்பித்ததே இல்லை. வருடா வருடம் எழுதுவார், வருடா வருடம் தேதி போய்விடும்.

இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து புலம்புவார்கள் என்பதால் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் சாப்பிடும்போது நைசாக, "இந்தத் தடவை உண்மையான தேதி என்ன?" என்று கேட்பார். அக்கா, "ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசாதீங்க. சர்க்குலர் வந்திருக்குல்ல, படிங்க" என்பார். "எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு ஒண்ணா? நான் உன் புருஷன்டி" என்பார் அவர். "அதனாலதான் சொல்லல" என்று அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். புருஷனுக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை அலையவிட்டால் அந்த நாற்காலியில் தன்னால் உட்கார முடியாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தை நான் மதித்தேன், அதைக் கட்டிக்கொண்டு வாழ வேண்டியவன் நான் இல்லை என்பதால்.

பாசி சாரும் சளைத்தவர் இல்லை. கேட்டால் சொல்லாத மனைவியை அவர் கவனித்துப் படிக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு கோட்பாடே வைத்திருந்தார். தேநீர் வரிசையில் நிற்கும்போது எனக்கு விளக்கினார்.

"தம்பி, உங்க அக்கா என்னைத் திட்டறான்னா நாள் இருக்குன்னு அர்த்தம். தேதி நெருங்கிடுச்சுன்னா அவ மண்டை முழுக்க ஆபீஸ்தான். ஈரத் துண்டை மெத்தை மேல போட்டாக்கூடக் கண்டுக்க மாட்டா."

"அதனால?"

"அதனால தினமும் துண்டை மெத்தை மேல போட்டுப் பாக்கறேன்."

கோட்பாட்டில் பிழை இல்லை. ஆனால் அக்கா வாய் மூடுவது அசல் தேதிக்கு முந்தின நாள்தான். அதற்குமேல் இவர் பேனாவைத் திறந்து, நன்றாக இருக்கிற பத்தியையே நான்கு தடவை அடித்து எழுதி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். "ஒரே ஒரு பத்தி பாக்கி" என்று நிற்பார். அக்கா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போவதை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் கதை வேறு. திட்டம் மூன்று வருடம் நடக்கும், அது முடியும்வரை விண்ணப்பிப்பவருக்குப் பணிக்காலம் இருக்க வேண்டும் என்பது விதி. பாசி சார் ஓய்வுபெற மூன்று வருடமும் சில மாதங்களும்தான் இருந்தன. இந்த முறை தவறினால் அவர் இனி விண்ணப்பிக்கவே முடியாது. அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல தம்பி. ஒரு தடவையாவது அவர் பேருல ஒண்ணு இங்கிருந்து போகணும். எத்தனை பேரோடதை நான் ஏத்தியிருக்கேன். என் வீட்டு ஆளோடதை ஒரு தடவைகூட ஏத்தினதில்ல."

போதாக்குறைக்கு நிதி அமைப்பு அந்த வருடம் அறிவிப்பையே தாமதமாக வெளியிட்டு, மிகக் குறைந்த அவகாசம் கொடுத்தது. போலித் தேதிக்கு இடமே இல்லை. அக்கா இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அசல் தேதியையே சுற்றறிக்கையில் போட்டார். கூடவே, "இதுவே உண்மையான கடைசித் தேதி. இதற்குப் பின் நீட்டிப்பு இல்லை" என்றும் எழுதினார்.

பல்கலைக்கழகமே சிரித்தது. வேதியியல்காரர் அறைக்கே வந்து, "எழுத்து நடை முன்னேறியிருக்கு மேடம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அக்கா ஒவ்வொரு துறைக்கும் போன் செய்தார். "சார், சத்தியமா இதுதான் தேதி" என்று சொல்லச் சொல்ல எதிர்முனையில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. இத்தனை வருடத்தில் அக்கா எந்தப் பொய்யையும் இப்படிக் கெஞ்சிச் சொன்னதில்லை, ஆகவே இது மிகப் பெரிய பொய்யாக இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். சுற்றறிக்கையில் எல்லாருக்கும் சொன்ன தேதியைத்தானே சொல்கிறோம் என்ற தைரியத்தில் அக்கா வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். பாசி சார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மனைவி தானாக வந்து ஒரு தேதி சொல்கிறாள் என்றால் அது அசலாக இருக்க வாய்ப்பே இல்லை என்பது அவர் கணக்கு. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து திட்டினார். துண்டுக்குத் திட்டினார், செருப்பை விட்ட இடத்துக்குத் திட்டினார், அவர் அம்மா வளர்த்த வளர்ப்புக்கும் சேர்த்துத் திட்டினார். பாசி சார் என்னிடம் வந்து முகமெல்லாம் மலர்ச்சியாக, "நாள் நிறைய இருக்கு தம்பி. வாங்கு வாங்குன்னு வாங்கறா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்குத்தான் அவருடைய கோட்பாடு தெரியாதே. நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, அவரைத் திட்டறதை நிறுத்துங்க."

"திட்டாம என்ன பண்ணச் சொல்ற? எழுதாம பூதக்கண்ணாடியத் தூக்கிட்டுச் சுத்தறாரு."

"நீங்க திட்டத் திட்ட அவர் எழுத மாட்டார்." கோட்பாட்டைச் சொன்னேன். அக்கா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"அப்போ அந்தத் துண்டை வேணும்னே போடறாரா?"

"அக்கா, அது இப்ப முக்கியமில்ல."

"எத்தனை வருஷமா மெத்தை ஈரமா இருக்கு தெரியுமா?"

"தேதி முடியட்டும். அப்புறம் மொத்தமாத் திட்டிக்கோங்க."

அக்காவால் அது முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவரால் ஒரு புயலைக்கூட நிறுத்த முடியும், ஆனால் கண்ணெதிரே ஈரத் துண்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது வேறு. அன்றைக்கு, அதாவது தேதிக்கு முந்தின நாள், சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. பாசி சாருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. வரைவைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஆனாலும் முழுதாக நம்பவில்லை. மறுநாள் காலையில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, குளித்துவிட்டு வந்து சொட்டச் சொட்ட இருந்த துண்டை மெத்தையின் நட்டநடுவில், அதுவும் அக்கா படுக்கும் பக்கமாக, விரித்துப் போட்டார்.

அக்கா வந்தார். துண்டைப் பார்த்தார். கையில் எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டார். திரும்பி வந்து, "டீ வேணுமாங்க?" என்று கேட்டார்.

தேதி நெருங்கினால் துண்டைக் கண்டுகொள்ளாமல் போவதுண்டு, ஆனால் அதை எடுத்துக் காயப்போட்டுவிட்டுத் தேநீரும் கேட்கிற மனைவியைப் பாசி சார் கல்யாணம் ஆன நாள்முதல் பார்த்ததில்லையாம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் கிடைத்த தாள்களை அள்ளிக்கொண்டு, ஸ்கூட்டரில் மனைவியை ஏற்றிக்கொள்ளவும் மறந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். துறையில் உட்கார்ந்து மதியம்வரை எழுதினார். அப்புறம் முதன்மைக் கட்டடத்தின் நீள நடைபாதையில் அலறியடித்துக்கொண்டு எங்கள் அறையை நோக்கி ஓடிவந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர் அவர். தீப்பிடித்தால்கூட எந்தச் சுவரில் பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் ஓடினார்.

நடைபாதையின் இருபுறமும் பேராசிரியர்களின் அறைகள். முதலில் இயற்பியல்காரர் எட்டிப் பார்த்தார். கடைசித் தேதியின் சொந்தப் புருஷன் கையில் தாளோடு ஓடுகிறார் என்றால் வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? "அய்யய்யோ, நிஜம்தான் போலிருக்கு" என்று அவர் கணினியைத் திறக்க ஓடினார். அவரைப் பார்த்து வேதியியல், வேதியியலைப் பார்த்துப் பொருளாதாரம். சற்று நேரத்தில் எங்கள் அறை வாசலில் நான் எந்தக் கருத்தரங்குக்கும் சேர்த்திராத கூட்டம் சேர்ந்துவிட்டது, தேநீர் இல்லாமலே.

வரிசையில் முதலில் பாசி சார் நின்றார். "ஒரே ஒரு பத்தி பாக்கி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"பத்தி இல்லாமலே போகட்டும்" என்றார் அக்கா. தாள்களைச் சரிபார்த்தார், துறைத்தலைவரின் ஒப்புதலைப் பார்த்தார், ஸ்கேன் செய்து கோப்பை ஏற்றினார். இணையதளம் சுற்றியது. அக்கா இந்த முறை அதைத் திட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏறிடும்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஏறிவிட்டது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பிறகு மற்றவர்கள் எல்லாருடையதையும் சாயங்காலத்துக்குள் ஏற்றி முடித்தார். முதுகை நிமிர்த்தி, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்த கையோடு நிதி அமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பலருடைய வேண்டுகோளுக்கு இணங்கிக் கடைசித் தேதி இரண்டு வாரம் நீட்டிக்கப்படுகிறது. ஏற்கெனவே அனுப்பியவர்கள் விரும்பினால் திரும்பப் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம்.

அக்கா சொன்ன ஒரே உண்மையும் இப்படிப் பொய்யாகிப் போனது. மறுநாள் காலையிலிருந்து வாசலில் மறுபடி கூட்டம். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வேதியியல்காரர் வெற்றியோடு சிரித்தார். எல்லாருக்கும் திருத்த வேண்டும். விதி அனுமதிக்கிறது என்றால் அனுமதிக்கிறது. கேட்டவர்கள் எல்லாருக்கும் அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து திருப்பிக் கொடுத்தார்.

மதியம் போன் அடித்தது. பாசி சார். அந்த அறையில் போனில் பேசினால் எதிர்முனை பேசுவது எனக்கும் கேட்கும், அவ்வளவு சத்தமான போன்.

"இந்தா பாரு, எல்லாருக்கும் திருப்பித் தர்றியாமே. எனக்கும் திற. அந்த ஒரே ஒரு பத்தி. ரெண்டே நாள்ல குடுத்துடறேன்."

அக்கா திரையைப் பார்த்தார். பாசி சாரின் வரைவு அங்கே இருந்தது. பக்கத்திலேயே திரும்பப் பெறுவதற்கான பொத்தானும் பளிச்சென்று இருந்தது.

"முடியாதுங்க. உங்களோடது பூட்டிக்கிச்சு."

"பூட்டிக்கிச்சா? அதெப்படி என்னோடது மட்டும்?"

"முதல்ல போனது இல்லையா. அதனால உள்ள இறங்கிடுச்சு. இனிமே யாராலயும் எடுக்க முடியாது." குரலில் ஒரு பிசிறு இல்லை. போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை.

திருத்த வாங்கிப் போனவர்கள் இரண்டு வாரத்தையும் தின்றுவிட்டு, புதுக் கடைசி நாளன்று மொத்தமாக வந்தார்கள். நாட்டில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதே நாளில் மோதியதில் இணையதளம் படுத்துவிட்டது. அக்கா கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. எங்களிடமிருந்து உருப்படியாகப் போய்ச் சேர்ந்தவை இரண்டுதான். ஒன்று, திருத்தச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்ட ஒரு மேலாண்மைத் துறைக்காரருடையது. இன்னொன்று பாசி சாருடையது.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. மேலாண்மைக்காரருக்கு இல்லை. பாசி சாருக்கு நிதி ஒப்புதல் ஆகியிருந்தது. மதிப்பீட்டுக்குழு, வரைவு தேவையில்லாத பத்திகள் இல்லாமல் சுருக்கமாக இருந்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தது. செய்தி கேட்டு அவர் எங்கள் அறைக்கு வந்தார். ஜன்னலோரச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அக்கா அந்தத் தாளை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன். ஆபீஸுல எல்லாரும் ஒண்ணுதான்னு அசல் தேதியக்கூட அவருக்குச் சொன்னதில்ல நீங்க. அன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் திறந்து குடுத்துட்டு, அவருக்குப் பூட்டிக்கிச்சுன்னீங்களே. அது நியாயமா?"

அக்கா தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மத்தவங்களுக்கு நான் ஆபீஸு, தம்பி. கேட்டதைத் திறந்துதான் குடுக்கணும். அவருக்கு நான் பொண்டாட்டி."